அக்காவின் சீறல்

முதலில் சுத்தமாகப் பதிவு செய், திருத்தமெல்லாம் பிறகு. இருபது வருடமாக எல்லோருக்கும் நான் ஓதும் வேதம் இது. ஊருக்குத்தான் உபதேசம்.

அக்காவின் குரல்வளையை எடுப்பதற்கு முந்தின நாள், தன் மகளுக்காக ஒரே ஒரு தாலாட்டைப் பாடி வைக்க அவள் என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஹெட்போனை மாட்டியதும் முகம் சுளித்தாள். முன்பல் இடைவெளியால் அவளுக்கு எப்போதுமே 'ச' சீறும்.

"என்னடா இது, குக்கர் விசில் மாதிரி கேக்குது?"

"பிறகு பாத்துக்கலாம்க்கா, நீ பாடு."

கேட்கவில்லை. பயத்தில் இருந்தவளோடு எனக்கும் மல்லுக்கட்ட மனமில்லை. சீறலை அமுக்கும் டீ-எஸ்ஸரை முழுசாகத் திருகினேன். அவள் காதுக்குப் போகும் பாதையில் போட வேண்டியதை, பதிவாகும் பாதையில் போட்டுத் தொலைத்தேன். நேற்று வந்த கற்றுக்குட்டிகூடச் செய்யமாட்டான்.

ஆபரேஷன் முடிந்து இன்று ஐந்தாம் நாள். அக்கா பிழைத்துவிட்டாள், குரல் போய்விட்டது. பாட்டில் 'ஆசை' எல்லாம் 'ஆதை' என்று கேட்கிறது. அமுக்கிய சீறலை மீட்க எந்தப் பொத்தானும் கிடையாது. கூர்மையைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடியது. நானே 'ஸ்ஸ்' என்று ஊதி ஒட்டினேன்; என் மூச்சு அசிங்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது.

அப்போதுதான் பாட்டுக்கு முன்பே பதிவு ஓடியது ஞாபகம் வந்தது. டீ-எஸ்ஸர் போடுவதற்கு முன் அவள் என்னைத் திட்டியது அப்படியே இருந்தது.

"சும்மா சமாளிக்காதே, சனியனே! இத சரி பண்ணாம சத்தியமா பாட மாட்டேன்!"

ஐந்து 'ச'. நறுக்கிப் பாட்டில் ஒட்டினேன். தாலாட்டுக்கு நடுவே கோபம் தலைகாட்டியது. மேஜையில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

மாலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

"உன் பாட்டக் கெடுத்துட்டேன்க்கா."

கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு காகிதத்தில் எழுதினாள்: 'இது நான் இல்ல. வேற ஒண்ணும் இல்லையா?'

வேறு வழியில்லாமல் அவள் என்னைத் திட்டியதைப் போட்டுக் காட்டினேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள். 'இதையே என் பொண்ணுகிட்ட குடு' என்று எழுதினாள்.

மூன்றாம் தடவை போட்டபோது அவளும் கூடவே என்னைத் திட்டினாள். உதடு ஒரு வார்த்தை விடாமல் அசைந்தது. மூச்சுவிடக் கழுத்தில் போட்டிருந்த துளையில் காற்று மட்டும் வந்தது.