வழி தவறாத மீன்

சிறீதரனின் உரை பதினொரு பக்கம். முதல் மூன்று பக்கங்களில் மீனே வராது. மனிதகுலம் வரும், நாகரிகம் வரும், அகதி வாழ்வின் ஆறாத காயம் வரும். இவை எல்லாம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போன பிறகு, நாலாம் பக்கத்து நடுவில், சல்மன் மெல்ல எட்டிப் பார்க்கும்.

ரைன் நதியில் போய் விழுகிற ஒரு சிற்றாற்றுக்குக் காட்டுச் சல்மனைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிற சங்கம் அது. தொழில் அலுவலகம் அவரை அங்கே அனுப்பியது கடித உறை ஒட்டுவதற்கு. ஒருநாள் வழிகாட்டிக்குக் காய்ச்சல் என்று, மீன்கள் அணையைத் தாண்ட ஏறிப்போகும் படிக்கட்டான மீனேணிக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கடலுக்குப் போன சல்மன் முட்டையிடத் தான் பிறந்த ஆற்றையே தேடி வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தவர், என்ன நினைத்தாரோ, "நானும் ஒரு சல்மன்தான், பிள்ளைகளே. எனக்குத் திரும்ப ஆறுதான் இல்லை" என்றார். ஆசிரியை கண்ணைத் துடைத்தார். ஆசிரியைக்கு அன்று கடும் தடிமன், கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன என்பது பின்னால் தெரியவந்தது. அதற்குள் உரை ஐந்து பக்கமாகியிருந்தது.

ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. திரும்பிப் போகிற எண்ணம் அவருக்கு அறவே கிடையாது. டோர்ட்மண்டில் வீடு வாங்கி, நிலவறையில் வெப்பமூட்டியும் புதிதாகப் போட்டுவிட்டார். ஆனால் வெப்பமூட்டியைப் பற்றிப் பேசினால் யார் கைதட்டுவார்கள்?

2006 ஒக்டோபரில் சங்கத்தின் பேச்சாளர் ஓய்வு பெற்றார். அந்தப் பதவி சிறீதரனுக்கு வேண்டும். வெட்கத்தை விட்டு வேண்டும். போட்டிக்கு நின்றவர் திருமதி லிண்ட்னர், தொலைபேசி எடுப்பவர். அவருடைய அறிக்கைகள் நாலு வரிக்கு மேல் போகாது. "இவவுக்கு ஆன்மா இல்லை" என்பது சிறீதரனின் தீர்ப்பு. சங்கம் ஊர்மக்களை ஆற்றங்கரைக்கு அழைக்கும் திறந்தவெளி நாளன்று மாலை நிர்வாகசபை கூடி முடிவெடுக்கும்.

அதற்கு இரண்டு நாள் முன்பு மதிசுதனிடமிருந்து அழைப்பு வந்தது. டோர்ட்மண்டில் வளர்ந்து உயிரியல் படித்தவன், சங்கத்தின் மீன் பொறிக்குப் பொறுப்பு.

"அண்ணை, பொறியுக்கை ஒண்டு விழுந்திருக்கு. பெண் சல்மன். நல்ல பெரிசு."

"எங்கட ஆத்திலை பிறந்ததோ?"

"பின்னை? நாங்கள் குஞ்சு விடுறதை நிப்பாட்டி ஆறு வருசம். இனி வாறதெல்லாம் தானாப் பொரிச்சதுதானே."

"தூக்கிப் பாத்தனியோ?"

"விசர்க் கதை கதையாதேங்கோ. சட்டம் தெரியும்தானே. கலங்கின தண்ணி, நிழல் மாதிரித்தான் தெரியுது. சனிக்கிழமை நீங்கள்தான் தூக்கப் போறியள்."

சட்டம் என்றது சங்கத்தின் சட்டத்தை. காட்டு மீனை மனிதக் கை ஒரே ஒரு தடவைதான் தீண்டலாம். பருவத்தின் முதல் மீனுக்கு அந்தத் தீண்டல் திறந்தவெளி நாளில், ஊர் பார்க்க நடக்கும். அதுவரை யாரும் கிட்டப் போகமாட்டார்கள். உலகத்தில் வேறு எந்த மீன்காரனும், என்ன மீன் என்று பார்க்காமலே அதற்கு விழா எடுக்கமாட்டான்.

சிறீதரன் அன்று மத்தியானத்துக்குள் அறிக்கை விட்டார்: அரை நூற்றாண்டுக்குப் பின் எமது ஆற்றில் பிறந்த முதல் காட்டுச் சல்மன், வழி தவறாமல் தாய்வீடு திரும்பியது!

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. கரையில் மாவட்டத் தலைவி, நாலு பத்திரிகைக்காரர், ரப்பர் சப்பாத்துப் போட்ட குடும்பங்கள், பொரித்த சொசேஜ் வாசனை. சங்கத் தலைவர் டொக்டர் ஹார்ட்விக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முன்வரிசையில் சிறீதரனின் மனைவி சிவகௌரி, நல்ல கோட்டில்.

சிறீதரன் நாலாம் பக்கம் வரை வாசித்தார். "அகதிக்கு இல்லாத வரம் இந்த மீனுக்கு உண்டு. பிறந்த தண்ணீரின் வாசனையை அது மறப்பதில்லை. அது ஒருபோதும் வழி தவறுவதில்லை!" என்று முடித்து, தாள்களை லிண்ட்னரிடம் நீட்டிவிட்டு, கரையோரம் இருந்த பொறியின் கலங்கிய தொட்டிக்குள் கைகளை விட்டு மீனை உயர்த்தினார். வெள்ளியாக மின்னியது. கூட்டம் "ஆ" என்றது.

அந்த "ஆ"வின் நடுவில்தான் அவருடைய பெருவிரலுக்கு விஷயம் விளங்கியது.

சல்மனின் முதுகில், வாலுக்குக் கொஞ்சம் முன்னால், செட்டை என்கிற சின்னத் துடுப்பு ஒன்று நகமளவில் இருக்கும். பண்ணைகளில் பொரிக்கும் குஞ்சுகளை ஆற்றில் விடுமுன் அடையாளத்துக்காக அதை வெட்டிவிடுவார்கள். சிறீதரனின் விரலுக்குக் கீழே அந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது.

மீனைச் சட்டென்று தண்ணீருக்குள் இறக்கி, முதுகிலிருந்து கையை எடுக்காமல் குனிந்தே நின்றார்.

"அண்ணை, திரும்பத் தூக்கட்டாம், படம் எடுக்கினம்," என்றான் மதிசுதன். "கையை உதிலை இருந்து எடுங்கோ."

"ஏலாது."

"ஏன்?"

"செட்டை இல்லை, தம்பி."

"பகிடி விடாதேங்கோ."

"தடவிப் பார்."

மதிசுதனும் குனிந்து தடவினான். அவன் முகம் சாம்பலாகியது. "வேறை ஆரோ, வேறை ஆத்திலை விட்ட மீன், அண்ணை. இது பாதை மாறி இஞ்சை வந்திருக்கு."

"அப்ப நான் இவ்வளவு நேரமும் வாசிச்சது?"

"அதை விடுங்கோ. பொத்தினபடியே தூக்குங்கோ, எடுக்கட்டும். பிறகு ஆத்திலை விடுவம். ஆருக்குத் தெரியப் போகுது?"

இரண்டு தமிழர் தொட்டிக்கு மேலே தலை குனிந்து, மீனைத் தடவி முணுமுணுப்பதைக் கூட்டம் பார்த்தது. ஆசியர்கள் மீனுக்கு ஆசி கூறுகிறார்கள் என்று யாரோ அடக்கமாக விளக்கினார்கள். மாவட்டத் தலைவி கைகூப்பினார். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

சிறீதரன் பொத்தியபடி தூக்கினார். கமராக்கள் மின்னின. எத்தனை வருடமாக இந்தப் படத்துக்காகத் தலைமுடிக்கு மை பூசியிருப்பார்! இப்போது மீனை விட அவருடைய பெருவிரல்தான் விறைத்துப்போயிருந்தது.

"இன்னொன்று," என்றார் ஒரு பத்திரிகைக்காரர். "மாவட்டத் தலைவியும் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அந்தக் கையைக் கொஞ்சம் கீழே கொண்டுபோங்கள்."

மூன்றாம் தடவை தூக்கினார். முதல் இரண்டு தடவையும் துள்ளிய மீன் இப்போது துள்ளவில்லை. செவுள் மட்டும் மெல்லத் திறந்து மூடியது. இன்னும் ஒரு படத்துக்கு அது தாங்காது என்று அவருக்குத் தெரிந்தது. கையை எடுக்காமல் விடவும் முடியாது. எடுத்தால் அரை நூற்றாண்டும் போய்விடும், பதவியும் போய்விடும்.

கடைசிப் பக்கத்து வசனம் ஒன்றாவது இந்த நேரத்துக்கு உதவுமா என்று தேடினார். ஒன்றும் உதவவில்லை.

"மன்னியுங்கள்," என்றார் ஜெர்மனில். "இது இங்கே பிறந்த மீன் இல்லை. வேறெங்கோ பண்ணையில் பொரித்தது. வழி தவறி வந்துவிட்டது. இதை விடவேண்டும்."

கையை எடுத்தார். மதிசுதன் வலையைப் பிடித்தான். இருவருமாக மீனை ஓட்டத்தில் இறக்கி, அது வாலை ஒருமுறை அடித்துக் கலங்கலுக்குள் மறையும்வரை தண்ணீரிலேயே நின்றார்கள்.

கரையில் பெரும் கைதட்டல். பெரும்பாலானவர்களுக்கு எந்த மீன் எங்கே பிறந்தால் என்ன? மாவட்டத் தலைவி கண் கலங்கி, "வேறெங்கோ பிறந்து நம்மிடம் வந்த மீன்! எவ்வளவு அழகான உவமை!" என்றார். சங்கத்துக்காரர் மட்டும் கைதட்டவில்லை. டொக்டர் ஹார்ட்விக் பின்னால் கட்டியிருந்த கையை முன்னால் கொண்டுவந்து கட்டினார்.

மாலை நிர்வாகசபையின் முடிவு வந்தது. பேச்சாளர் திருமதி லிண்ட்னர். அவர் அங்கேயே தன் முதல் அறிக்கையை எழுதினார். மூன்று வரி. மீன் வந்தது, அது இந்த ஆற்று மீன் இல்லை, முந்திய அறிக்கை தவறு. சிறீதரன் வாசித்துப் பார்த்தார். திருத்துவதற்கு ஒன்றும் அகப்படாததுதான் அவருக்கு அன்றைய பெரிய அடி.

காரில் சிவகௌரி நல்ல கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வீதி விளக்குகள் வரத் தொடங்கியபின் மெல்லச் சொன்னாள்: "நான் மத்தியானமே என்ர தம்பிக்குப் போன் அடிச்சிட்டன். பதவி கிடைச்ச மாதிரித்தான் எண்டு."

"ஆர், விஜயரத்தினத்துக்கோ? அவன் இவ்வளவுக்கு டோர்ட்மண்ட் முழுக்கச் சொல்லியிருப்பானே!"

"கேக்கும் வச்சிருக்கிறான் போல. நீங்களே சொல்லுங்கோ. சுருக்கமாச் சொல்லுங்கோ, என்ன?"

அவள் கைத்தொலைபேசியில் எண்ணை அழுத்தி அவர் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல், பாட்டு.

"விஜயன்," என்றார் சிறீதரன். தொண்டையைச் செருமினார். பழக்கதோஷத்தில் மனிதகுலத்திலிருந்து தொடங்கப் பார்த்தார். சிவகௌரி முழங்கையால் இடித்தாள்.

"கிடைக்கேல்லையடா."

"என்ன அத்தான், மீனோ?"

"ஓம்," என்றார். "மீனும்தான்."