அடி கறுத்த தக்காளி

தங்கபாய் கஞ்சிக்கு உப்புப் போடுவதை நிறுத்திப் பல வாரங்கள் ஆகியிருந்தன. அவள் கணவர் ராபின்சன் அதைக் கவனிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரிலேயே அந்த வேலை முடிந்துவிடுகிறது என்று அவள் சொன்னபோதும், வீட்டுக்கு ஒரு லாபம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றச் சொன்னார்.

பூவாருக்குச் சற்று மேலே, நெய்யாற்றின் கரையில் அவருக்குத் தக்காளித் தோட்டம். அது போனால் இருவருக்கும் வேறு பிழைப்பு இல்லை. இந்த முறை முதல் பழங்கள் சிறுத்திருந்தாலும் அப்படி இனித்தன. அமரவிளைக் கடைக்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். ராபின்சன் தன் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அடுத்த பறிப்பில் பழங்களின் அடி கறுத்துத் தோல்போலச் சுருங்கியது. நோய் என்று மருந்தடித்தார். போதாதென்று உரத்தையும் கூட்டினார். பழங்கள் இன்னும் சுறுசுறுப்பாக அழுகின.

கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகத்திலிருந்து வந்த ரேஷ்மி ஒரு பழத்தை அறுத்துப் பார்த்தாள். கிணற்று நீரை நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"சேட்டா, இது நோயில்ல, உப்பாக்கும். உப்புத் தண்ணியில நிக்கிற செடிக்கு வேரால நீரை இழுக்க முடியாது. சுண்ணாம்புச் சத்து பழத்துக்க அடிவரை போய்ச் சேராது. அங்க சதை செத்துப்போவும். மொதல்ல இனிச்சதும் அதனாலதான். பழத்தில நீரு கொறஞ்சுபோச்சு."

மருந்து கேட்டார். ஆற்றுக்கான மருந்து தன் அலுவலகத்தில் இல்லை என்றாள். மணல் வாரி வாரி ஆறு குழியானதால் கடல் உள்ளே ஏறிக் கிணறுவரை வந்துவிட்டது என்று விளக்கினாள்.

இதை முன்பே ஒருத்தி சொல்லியிருந்தாள். பக்கத்துத் தோட்டத்து விமலகுமாரி, ஆற்றில் மணல் அள்ளும் படகுகளை, அந்த வள்ளங்களை, மறிக்க வரச் சொல்லிக் கூப்பிட்டபோது, ஆறென்ன எனக்க அப்பன் சொத்தா என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர் ராபின்சன். வள்ளங்களைக் கயிற்றால் கட்டிவைக்கக் கரையிலிருந்த தன் தென்னையையும் விட்டுக்கொடுத்திருந்தார். நன்றிக்கு வள்ளக்காரர்கள் கொட்டிய மணலில்தான் மோட்டார் அறை எழும்பியது. அந்த மோட்டார்தான் இப்போது செடிகளுக்கு உப்பை இறைத்தது.

அன்று மாலை ஆற்றங்கரைக்குப் போனார். வள்ளக்காரன் சஜி தென்னையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இனி இங்கே கட்டாதே என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அண்ணா, இங்க இனி சேறாக்கும். மணல் தீந்துபோச்சு. நாங்க மேலே போறோம். அங்க கரையில மரத்தில வள்ளம் கெட்ட சம்மதிக்கிற ஆளு ஆராவது உண்டா?"

ராபின்சன் திரும்பித் தன் தோட்டத்தைப் பார்த்தார்.

"உண்டுலே மக்கா. என்னப்போல ஒருத்தன் எல்லா ஊரிலயும் உண்டு. ஆறு பொதுச் சொத்து, எனக்கென்னாண்ணு கெடப்பான். பொதுவில உள்ளது நசிச்சா அடுத்தது தனக்க வீடாக்கும்ணு, எல்லாம் போனபிறகுதான் அவனுக்கும் புரியும்."

சஜி தலையாட்டியபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு, அந்த ஆளின் போன் நம்பர் உண்டா என்று விசாரித்தான்.