டேப்பக்கா தைத்த தோட்டம்

சொந்தமாக ஒரு வெண்டைச் செடிகூட வளர்த்தறியாதவள், எடுத்த எடுப்பில் தர்பூசணி போடப் போகிறேன் என்று கிளம்பினால் வீட்டில் என்ன செய்வார்கள்? சிரிப்பார்கள். டேப்பக்கா வீட்டிலும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அவள் தையல்காரி. அளவு டேப் எந்நேரமும் கழுத்தில் மாலையாகக் கிடக்கும். அதனால் தெருவே அவளுக்கு வைத்த பெயர் டேப்பக்கா. வீட்டின் பின்னறையில் அவளும், எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் கணவனும், தையல் மெஷினும். முன்பக்கம் கணவனின் அண்ணனும் ஓரகத்தியும். அண்ணன் வேன் ஓட்டுகிறவர். சொந்த வேன். சம்சாரத்தைவிட அதைத்தான் அதிகம் துடைப்பார் என்பது ஓரகத்தியின் குறை.

அந்த வேனால்தான் வம்பு வந்தது. தெருவில் நிறுத்தினால் போகிறவன் வருகிறவன் இடித்துவிட்டுப் போகிறான். பக்கக் கண்ணாடி இரண்டு முறை உடைந்தாயிற்று.

"மழைக்கு முன்னாடி கொல்லை பூரா சிமெண்ட் போட்டுடப் போறேன். வண்டி உள்ள நிக்கட்டும்" என்றார் வீட்டுக்கு மூத்தவரான அண்ணன்.

டேப்பக்கா கொல்லையைத் திரும்பிப் பார்த்தாள். மெஷின் முன்னால் உட்கார்ந்து நிமிர்ந்தால் ஜன்னல் வழியே தெரிகிற ஒரே மண் அதுதான்.

"பூரா எதுக்கு மாமா? அளந்து பாத்து போடலாமே."

"சும்மா கிடக்கிற மண்ணுக்கு அளவென்ன வேண்டிக்கிடக்கு? ஒரு வாய்க்கு உதவுற மாதிரி ஏதாவது விளைஞ்சுதுன்னா நீ சொல்றபடி கேக்கிறேன் போ."

"தர்பூசணி விளைவிச்சுக் காட்டறேன். மழைக்குள்ள."

"நீ?"

"நான்தான். இந்தக் கொல்லையில காலையில போட்ட துணி மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு காயுது. தர்பூசணிக்கு வெயில்தானே வேணும்? மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

வேலி ஓரமாக மண்ணைக் கொத்தி, மக்கின எருவைக் கலந்து, கவிழ்த்த சட்டி மாதிரி இரண்டு மேடு கட்டினாள். மேட்டில் விதை ஊன்றினால் வேரில் தண்ணீர் தேங்காது என்று விதைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். முளைத்ததில் கொழுத்த கன்றாக மேட்டுக்கு ஒன்று வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளினாள். தண்ணீரை இலையில் தெளிக்காமல் அடியில் ஊற்றினாள். கொடி ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! நேற்று இங்கே இருந்த நுனி இன்றைக்கு அங்கே இருக்கும்.

இலையில் ஒரு பூச்சி ஓட்டை போட்டிருந்ததைக் கண்டாள். விடுவாளா? கையில் தொழில் இருக்கிறது. கொசுவலைத் துணி வாங்கி, மூங்கில் குச்சி நட்டு, கொடிகளுக்கு ஒரு கூடாரமே தைத்துவிட்டாள். ஓரமெல்லாம் மடித்து இரட்டைத் தையல். தண்ணீர் ஊற்ற மட்டும் ஒரு ஓரத்தில் ஜிப்பு. எறும்பு நுழைய இடமில்லை.

"எங்க கல்யாணத்துக்குக்கூட இப்படிப் பந்தல் போடலடி" என்றாள் ஓரகத்தி.

மஞ்சள் மஞ்சளாகப் பூ வந்தது. வந்த பூவெல்லாம் உதிர்ந்தது. சில பூவுக்கு அடியில் பட்டாணி அளவில் பிஞ்சு தெரியும். அதுவும் இரண்டொரு நாளில் கறுத்துச் சுருங்கிவிடும்.

"என்னம்மா, கொடி பூ வியாபாரத்துக்குப் போயிடுச்சா?" என்று மூத்தவர் வேனைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கொத்தனாரிடம் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் காலையில் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரு தேனீ வலை மேல் முட்டியது. நகர்ந்து போய் இன்னொரு இடத்தில் முட்டியது. கூடாரத்தை முழுக்கச் சுற்றிவந்து, கடன் கேட்க வந்தவன் பூட்டிய வீட்டைப் பார்த்ததுபோல் திரும்பிப் போய்விட்டது.

டேப்பக்கா மெஷினை நிறுத்தினாள்.

"அடி என் அறிவே! விருந்தாளி வர வீட்டுக்கு வாசல் வைக்காம தச்சிருக்கேனே!"

வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் கத்திரிக்கோலோடு ஓடினாள். தன் கையால் போட்ட இரட்டைத் தையலைத் தானே கரகரவென்று வெட்டினாள். தப்பாக வெட்டின துணிக்கு ஒட்டுப் போடத் தெரியாதவள் தையல்காரியா?

தேனீயையே நம்பிக் காத்திருக்கவும் அவளுக்குப் பொறுமையில்லை. மெஷினுக்குள் அடையும் நூல்தூசியைத் தட்டுகிற சின்ன பிரஷைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்தாள். காலையில் பூ விரிந்ததும் பார்த்தாள். வெறும் காம்பில் நின்றது ஆண் பூ, அடியில் பிஞ்சோடு நின்றது பெண் பூ. ஆண் பூவின் மஞ்சள் தூளை பிரஷில் தொட்டு, பெண் பூவின் நடுவில் பதமாகத் தடவினாள்.

ஓரகத்தி வாசற்படியில் நின்று பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "மனுசங்களுக்குத்தான் தரகர்னு நினைச்சேன்!"

"நீங்க வேற அக்கா. இதுல ஜாதகமும் பாக்க வேண்டாம், சீரும் கேக்க மாட்டாங்க."

பிஞ்சுகள் இந்த முறை கறுக்கவில்லை. எலுமிச்சை ஆயின, பந்து ஆயின. கொடிக்கு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளினாள். சத்து பங்கு பிரிந்தால் எதுவும் தேறாதே! பழைய ஜீன்ஸ் துணியில் இரண்டு சும்மாடு தைத்து, பலகை மேல் வைத்து, ஈரம் படாமல் காய்களை அதில் உட்கார்த்தினாள். இரண்டும் ராஜா மாதிரி உட்கார்ந்து ஊதின.

சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கின. வானத்தில் ஒரு ஓரம் இருண்டது. மூத்தவர் கத்தியோடு வந்து சின்னதைத் தட்டிப் பார்த்தார்.

"சத்தம் வருதே. பழுத்தாச்சு. வெட்டிப் பாத்திடுவோம்."

"பழுக்கல மாமா. காய்க்குப் பக்கத்துக் கணுவுல சுருண்டு நிக்குது பாருங்க ஒரு கம்பி, அது பச்சையா இருக்கு. அது காயணும். அடிவயிறும் வெள்ளையா இருக்கு. மஞ்சளாகணும்."

"மழை வர வரைக்கும் இழுக்கிறதுக்கு இது ஒரு சாக்கு."

ஓரகத்தி ஏதோ சொல்ல வந்தாள். டேப்பக்கா கையமர்த்தினாள்.

"வெட்டுங்க. நான் சொன்னது பொய்னா நாளைக்கே சிமெண்ட் போட்டுக்கங்க. நிஜம்னா அந்தப் பெரிய காய் மேல கை வைக்கக் கூடாது, சுருள் காயிற வரைக்கும்."

வெட்டினார். உள்ளே வெளேரென்று இருந்தது. நடுவில் மட்டும் வெட்கப்பட்ட கன்னம் மாதிரி லேசான சிவப்பு. ஒரு துண்டைக் கடித்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெள்ளரிக்காயாட்டம் இருக்கு" என்றார் மெதுவாக.

"அவசரப்பட்டா அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஓரகத்தி. அவள் அதைக் குழம்பில் போட்டுவிட்டாள்.

மிச்சம் ஒரே ஒரு காய். ஒரே ஒரு சுருள். டேப்பக்கா தண்ணீரைக் குறைத்தாள்; அப்போதுதான் இனிப்பு ஏறும். வானம் கறுப்பதும் வெளுப்பதுமாக விளையாட்டுக் காட்டியது. அவள் அண்ணாந்து பார்ப்பாள், பிறகு குனிந்து துணி வெட்டுவாள்.

வேடிக்கை என்னவென்றால், மூத்தவர் காலையில் எழுந்ததும் வேனைத் துடைக்கப் போகாமல் கொல்லைக்குப் போக ஆரம்பித்தார். குந்தி உட்கார்ந்து சுருளை உற்றுப் பார்ப்பார். "இன்னும் காயல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருவார். பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வந்ததற்கு அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

அப்புறம் ஒரு காலையில் பின்னறைக் கதவு தடதடத்தது.

"காஞ்சிடுச்சும்மா! சுருள் காஞ்சிடுச்சு! அடிவயிறு வெண்ணெய் மஞ்சள். தட்டினா டொப்பு டொப்புன்னுது. சீக்கிரம் வா, தூறல் போடுது!"

பழத்தைத் தூக்கிவந்தது அவர்தான். கத்தி முனை பட்டதுதான் தாமதம், பழம் தானாகவே படாரென்று வாய் பிளந்தது. உள்ளே புடவைக் கடையில் விரித்த சிவப்புப் பட்டு. மூத்தவர் சிமெண்ட் மூட்டை மேலேயே உட்கார்ந்து, சாறு முழங்கையில் வழிய, பச்சைத் தோல் தெரிகிறவரை தின்றார்.

"சரிம்மா" என்றார் கடைசியில். "வாக்கு வாக்குதான். ஆனா என் வண்டி?"

இதற்காகத்தானே அவள் காத்திருந்தாள்! கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். கணவன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். வேனின் அகலம், இரு சக்கரத்துக்கு இடைவெளி, வாசலிலிருந்து வேலி வரை நீளம் எல்லாம் அளந்தாள். துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் செங்கல் துண்டுகளில் குறி போட்டு மண்ணில் வரிசையாகப் பதித்தாள்.

"வண்டிக்கு நாலு சக்கரம்தானே மாமா? ரெண்டு பட்டை சிமெண்ட் போதும். வண்டி சேத்துல இறங்காது. வேலி ஓரம் பூரா எனக்கு. துணி பத்தாதுன்னு சொல்றவங்க அளக்காதவங்கதான்."

மூத்தவர் பட்டைகளுக்கு நடுவே காலால் அளந்து நடந்து பார்த்தார். பிறகு மடியில் சேர்த்து வைத்திருந்த விதைகளைக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"அடுத்த வெயிலுக்கு ஊனு. அந்தக் கொசுவலையை மட்டும் என் கண்ணுல காட்டாதே."