குடும்பத்தில் வேறு யாருக்காவது

தம்பியின் சட்டையை அக்கா மூன்றாவது முறையாகப் பிரித்து மடித்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல் பெஞ்சு. காலை பத்தரைக்கு அவன் உயிர் போயிருந்தது. உடலைத் தர இன்னும் ஒரு மணி நேரமாகும் என்றார்கள். தையல்காரியான அவளுக்குக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியவில்லை.

ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த நேரத்துல கேக்கறது தப்புதான், மன்னிச்சுக்கங்க. இதே நிமோனியா எத்தனையோ பேருக்கு வருது. உங்க தம்பி மாதிரி சில பேருக்கு மட்டும் ரெண்டே நாள்ல கிட்னி நின்னுடுது. அது பரம்பரையா வருதான்னு பாக்கறோம். கூடப் பிறந்தவங்க ரத்தம் கொஞ்சம் வேணும். குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி ஆச்சா? சேர்க்கும்போது 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

எழுதியது அவள்தான். யோசிக்காமல், பழக்கத்தில்.

அப்பா சாதாரண ஆபரேஷன் ஒன்றுக்குப் போய், சிறுநீர் நின்று, உடம்பு ஊதிச் செத்தார். பெரியப்பாவும் ஒரு காய்ச்சலில் அப்படியேதான். இவளுக்கு வரன் வர வேண்டுமே என்று அம்மா அன்றே முடிவு செய்துவிட்டாள்: இரண்டு பேருக்கும் ஹார்ட். இருபத்தைந்து வருடமாகியும் அந்தப் பொய்க்கு ஒரு நரை விழவில்லை. தம்பி மட்டும் கேலி செய்வான். "நம்ம வீட்ல எல்லாருக்கும் பெரிய மனசுக்கா. அதான் பாரம் தாங்காம நின்னுடுது."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா பொழச்சிருப்பானா?"

நர்ஸ் பேனாவை மூடித் திறந்தாள். "சொல்ல முடியாதுங்க. மருந்து விஷயத்துல இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருப்பாங்க. அவ்வளவுதான்."

அக்கா மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள்.

ஜன்னலோரம் அம்மா போனில் உறவுக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமா, ஹார்ட்டுதான். திடீர்னு." போனை அணைத்துவிட்டு வந்து மகளின் முழங்கையைப் பிடித்தாள்.

"வாயத் தொறக்காத. உன் பொண்ணுக்கு அடுத்த மாசம் பேசி முடிக்கணும்."

"அவன் செத்துட்டாம்மா."

"போனவன் போயிட்டான். இருக்கறவங்க வாழ வேணாமா?"

தம்பியின் மனைவி முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். புடவைத் தலைப்பெல்லாம் ஈரம்.

"என்ன அண்ணி கேக்கறாங்க?"

அம்மா மகளின் முழங்கையை விடவில்லை.

"மாமாவுக்கு ஹார்ட்டுதானே? பொண்ணு பாக்க வந்தப்ப அப்படித்தானே சொன்னீங்க?"

அம்மாவின் நகங்கள் முழங்கையில் அழுந்தின. அக்கா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நர்ஸைப் பார்த்துத்தான் சொன்னாள். வேறு பக்கம் பார்க்கத் தைரியம் இல்லை.

"அப்பாவுக்குக் கிட்னி. பெரியப்பாவுக்கும். எழுதிக்கங்க."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஜன்னலுக்கே திரும்பிப் போனாள். அக்கா கையை நீட்டினாள். நர்ஸ் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினாள்.

தம்பி மனைவி அழுவாள், கத்துவாள், கன்னத்தில் அறையக்கூட அறைவாள் என்று அக்கா காத்திருந்தாள். அவளோ பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்து, மகளை விட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்கு போன் போட்டாள்.

"ஆன்ட்டி, பாப்பா காலையிலேர்ந்து ஒன்னுக்குப் போனாளா?"

குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"இல்ல, கேட்டுட்டே சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."