பச்சைக் கோட்டுக்காரி

அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில், பாதி பிரித்தும் பிரிக்காமலும் கிடந்த படப்பெட்டிகளுக்கு நடுவே நின்று என் கணவர் ஓர்ட்வின் கேட்டார்: "இல்கா, இது யாரு வரஞ்சது?"

படத்தின் கீழ் மூலையைப் பார்த்தேன். ஹெல்பிக் என்று அவருடைய கையெழுத்து, பக்கத்தில் 92.

"நீதான்," என்றேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று தெரிந்தது.

உறைந்த ஏரி ஒன்று. அதன் நடுவே பச்சைக் கோட்டுப் போட்ட ஒருத்தி வெள்ளைத் துணிகளைக் கொடியில் உலர்த்துகிறாள். கொடியின் இரண்டு முனைகளும் எதிலும் கட்டப்படாமல் காற்றில் நிற்கின்றன. நல்ல படம்தான். வேறு யாருடையதாக இருந்தாலும் வாயாரப் புகழ்ந்திருப்பார்.

ஓர்ட்வினுக்கு அறுபது வயதானதற்காக லைப்சிக்கில் ஏற்பாடான கண்காட்சி அது. சுவிக்காவ் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். பெர்லின் சுவர் விழுந்த வருடம் இங்கே ஓவியக் கல்லூரியை முடித்தார். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த கலை வியாபாரிகள், மனிதர்களை அப்படியே வரைவதெல்லாம் பழைய சரக்கு என்று சொல்லிவிட்டார்கள். நாற்காலிக் கடைகளுக்குத் தள்ளுபடிப் பலகை எழுதிப் பிழைத்தார். பத்து வருடம் கழித்து அதே ஆட்கள், மனிதர்களை வரையத் தெரிந்தவன் லைப்சிக்கில்தான் மிச்சமிருக்கிறான் என்று ஓடிவந்தார்கள். "நான் நின்ன எடத்துலயேதான் நின்னேன், பஸ்ஸுதான் ஊரச் சுத்திட்டு வந்துச்சு," என்பார். அவர் படங்கள் நியூயார்க்குக்கும் சியோலுக்கும் போயின. பட்டாணி சூப்பில் பால் கலந்தது போன்ற அவருடைய பச்சைக்கு 'ஹெல்பிக் பச்சை' என்றே பெயர் வந்தது. நான் டிராம் ஓட்டுகிறவள். அவரைக் கட்டிக்கொண்டபோது அவர் ஏற்கெனவே பெரிய ஆள். அதற்கு முந்தைய வருடங்கள் எனக்குத் தெரியாது.

கண்காட்சியை நடத்திய யோரிண்டே என்ற இளம் ஆய்வாளருக்கு எல்லாப் படத்தையும்விட இதன்மேல்தான் உயிர். காஸெலில் ஒரு பல் மருத்துவர் வீட்டில் கண்டுபிடித்து இரவல் வாங்கியிருந்தார். அந்தப் பச்சை முதன்முதலாக வருவது இதில்தானாம். ஓர்ட்வினின் மற்ற படங்கள் எல்லாமே இதிலிருந்துதான் முளைத்ததாம். நினைவில்லை என்று ஓர்ட்வின் சொன்னதும், பெரிய படைப்புகள் அப்படித்தான், தூக்கத்தில் நடப்பது போல வருபவை என்று அதற்கும் ஒரு விளக்கம் தந்தார்.

வீட்டுக்கு வந்தும் ஓர்ட்வினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறதி நோயோ என்று பயந்து டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அவர் வரைந்தது அவ்வளவு அழகாக இருந்ததால், நினைவெல்லாம் பழுதில்லை என்று சொல்லி அந்தத் தாளை டாக்டரே எடுத்து வைத்துக்கொண்டார்.

எனக்கு வேறு கவலை. "அந்தப் பொம்பள யாரு?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி அலையறேன்?" என்றார். பொய் சொல்லும் முகமாக இல்லை. பொய் என்றால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் மார்லிட்டைப் பார்க்கப் போனோம். மார்லிட் ஃபோய்க்ட் அவருடன் கல்லூரியில் படித்தவள். அந்த வருடங்களில் பழைய பஞ்சாலை ஒன்றில் இருவருக்கும் வரைய ஒரே அறை. பிறகு அவள் வரைவதை விட்டுவிட்டு ஹாம்பர்க் போய், திரும்பி வந்து, இப்போது கிரிம்மா பக்கத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாள். காபியும் பிளம்ஸ் கேக்கும் வைத்தாள். ஓர்ட்வின் படத்தின் புகைப்படத்தை நீட்டினார்.

முதலில் சிரித்தாள். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு சிரிக்காமல் பார்த்தாள்.

"துணியெல்லாம் நான் போட்டதுடா. பொம்பள நீ வரஞ்சது," என்றாள். புகைப்படத்தைக் கிட்டே பிடித்துப் பார்த்து, "இல்ல, மாத்திச் சொல்றனோ," என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் அறையில் ஒரே ஒரு அடுப்புதானாம். கையுறையோடு வரைவார்களாம். யாருடைய படமானாலும் சரி, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற படத்தில், யாருக்குக் குளிர்கிறதோ அவர்கள் வேலை செய்வார்களாம்.

"அந்தப் பச்சை?" என்று ஓர்ட்வின் கேட்டார்.

"நான் கலக்கினேன்னு நெனைக்கிறேன். நீதான் கலக்கினதா சொன்னா, அதையும் நம்பிடுவேன்."

அவள் ஹாம்பர்க் போன பின் அறையில் கிடந்ததையெல்லாம் ஒரு வியாபாரி வாங்கிப் போனார் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. கையெழுத்தில்லாததை வாங்க மாட்டேன் என்று அந்த ஆள் சொன்னதால் எல்லாவற்றிலும் தானே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமாம். கண்காட்சியில் மார்லிட்டின் பெயரையும் போடச் சொல்கிறேன் என்றார் ஓர்ட்வின்.

"அந்தப் பேர வச்சு நான் என்ன, தக்காளி நாத்துக்கு உரமா போடறது?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். கேக் தட்டை எடுக்க எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "கையெழுத்துப் போடும்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையாடா நீ?"

"யோசிச்சிருப்பேன்னுதான் நெனைக்கிறேன். ஞாபகம் இல்ல மார்லிட்."

உள்ளே போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. நாங்கள் சொல்லாமல் கிளம்பினோம்.

யோரிண்டே பெயர்ப்பலகையை மாற்ற மறுத்தார். கண்காட்சிப் புத்தகம் அச்சாகிவிட்டது, படத்தின் சொந்தக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், அதோடு ஆதாரம் எங்கே என்றார். ஆதாரம் ஓர்ட்வினிடமும் இல்லை. ஆகவே திறப்பு விழாவில் அவர் ஒலிபெருக்கி முன் நின்று நேராகவே சொல்லிவிட்டார்: "இந்தப் படத்துல பாதி என்னோடது இல்ல. எந்தப் பாதின்னு எனக்குத் தெரியல."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அவர் இன்னொரு முறை சொன்னார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். மறுநாள் செய்தித்தாளில் அவருடைய அடக்கத்தைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். அவர் அதைப் படித்துவிட்டு, நான் சொன்னது ஜெர்மன் மொழிதானே என்று என்னைக் கேட்டார்.

அதற்குப் பிறகு அவரால் அந்தப் பச்சையைத் தொட முடியவில்லை. கலக்கினால் வருகிறது, ஆனால் பூசும்போது கை திருட்டுக் கை மாதிரி இருக்கிறது என்றார். பழுப்பில் வரைந்தார். அவர் படங்களை விற்கும் காலரிக்காரர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

நவம்பரில் ஒருநாள் மார்லிட் தானாகவே ஓர்ட்வின் வரையும் பட்டறைக்கு வந்து நின்றாள். கண்காட்சியை இரண்டு முறை போய்ப் பார்த்தாளாம். பார்க்கப் பார்க்க எல்லாமே தன்னுடையது போலவும், எதுவுமே தன்னுடையது இல்லாதது போலவும் இருந்ததாம். "பேரெல்லாம் வேணாம். ஒரு தூரிகை குடு. எனக்கு இன்னும் வருதான்னு பாக்கணும்," என்றாள்.

குளிர்காலத்தில் பண்ணைக்கு வேலையில்லை. வாரத்தில் இரண்டு நாள் வருகிறாள். ஒரே படத்தில் இருவரும் வேலை செய்கிறார்கள். ஒருவர் போட்டதை மற்றவர் சுரண்டுகிறார்கள், அதற்குச் சண்டை போடுகிறார்கள். மோசமாக வருகிறது என்கிறார் ஓர்ட்வின். பிரமாதம் என்கிறாள் அவள். நேற்று வேலை முடிந்து போய் நானும் பார்த்தேன். மேஜை மாதிரி ஒன்று இருந்தது, குதிரையாகவும் இருக்கலாம். என்னவென்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.