சந்தனத் தட்டை யார் பிடிப்பது

அந்தக் கிளிப்பச்சைப் புடவையை உடுத்தும்போதே முத்துமீனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சமயநல்லூரைத் தாண்டி இருக்கிறது அவள் வேலை பார்க்கும் கல்லூரி. அங்கே விருந்தாளி வந்தால், பெண் ஆசிரியர்கள் ஒரே நிறத்தில் புடவை கட்டி, சந்தனமும் பன்னீருமாக வாசலில் நிற்க வேண்டும். வேதியியல் நடத்தினாலும் சரி, கணக்கு நடத்தினாலும் சரி, பெண் என்றால் வரவேற்புக் குழு.

இன்றைக்கு வருகிறவர்களோ அவளுடைய ஆய்வைப் பார்க்க வருகிறவர்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகும், எது பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கும் என்று, ஸ்கூட்டியில் ஊர் ஊராக அலைந்து கண்டுபிடித்தவள் அவள். வருகிற அரசுக் குழுவுக்குத் திருப்தியானால் ஆய்வை மாவட்டம் முழுக்க விரிப்பார்கள். மேடையில் நின்று விளக்குகிறவரையே அதற்குத் தலைமையாகவும் போடுவார்கள். அந்த இடத்தில்தான் துறைத்தலைவர் நல்லகாமன், வேலைக்குச் சேர்ந்து வருடம் திரும்பாத அருண்பாண்டியைப் போட்டுவிட்டார்.

காரணம் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"ஒனக்கு எதுக்கும்மா இம்புட்டு அலைச்சல்? புள்ள குட்டின்னு வீட்டுல ஆயிரம் சோலி. அருண் சார்னா நாலு எடம் போவாரு, வருவாரு. நீ வாசல்ல நில்லு. ஒன் சிரிச்ச மொகத்தைப் பாத்தாலே வர்றவங்களுக்கு மனசு நெறஞ்சிரும்."

நேற்று வந்த பையன் அவருக்கு 'அருண் சார்'. முனைவர் பட்டம் வாங்கி, அந்தத் துறையிலேயே வருடக்கணக்காக உழைத்தவள் 'ஏம்மா'.

முந்தின நாள் சாயங்காலம் அந்த அருண் சார் போன் போட்டான்.

"மேடம், நாலாவது படத்துல செவப்பு செவப்பா புள்ளி இருக்கே, அது என்னது?"

"கெட்டுப்போன கெணறு, தம்பி."

"அம்புட்டுமா?"

மகனுக்குப் பிசைந்த சோறு கையிலேயே காய, அவள் அடுப்படியில் வெகுநேரம் நின்றாள்.

காலையில், வாசல் வரிசையில் பன்னீர்ச் சொம்போடு நின்ற கணக்கு ஆசிரியை ரோகிணி அவளை இடித்தாள். "மொகத்தை ஏன்க்கா இப்புடி வச்சிருக்கீங்க? வர்றவங்க பயந்து திரும்பிப் போயிருவாங்க."

"போகட்டும். என் கெணத்தைப் பத்தி அவன் பேசுவான், நான் சந்தனம் கரைச்சுக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

"தட்டைக் கீழ வச்சிட்டு உள்ள போங்க."

"மங்கலத் தட்டைத் தரையில வச்சா அபசகுனம்னு இந்தாளு ஊரைக் கூட்டுவாருடி."

கார் உள்ளே திரும்பியது. நல்லகாமன் ஓடி வந்தார். அவள் முகத்தைப் பார்த்தவர் பல்லைக் கடித்தபடி, "சிரிம்மா, சிரி!" என்றார்.

அந்த ஒரு சொல் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

"பிடிங்க சார்."

நீட்டியதை வாங்கித்தான் அவர் கைக்குப் பழக்கம். தட்டு அவர் கைக்குப் போய்விட்டது.

"ஏய்... எங்கம்மா போற?"

"என் வேலையப் பாக்கப் போறேன்."

கார்க் கதவு திறந்தது. அவரால் தட்டைத் தரையில் வைக்க முடியவில்லை. ரோகிணியைப் பார்த்தார். அவள் சொம்பை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். அடுத்தவள் பூக்கூடையைக் கட்டிக்கொண்டாள். அதற்கடுத்தவள் வானத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லை. வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரே குனிந்து சந்தனம் நீட்டினார்.

அரங்கத்தில் மைக் முன்னால் அருண்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான்.

"எறங்கு தம்பி."

"மேடம், சார் என்னையத்தான்..."

"சார் வாசல்ல சந்தனம் குடுத்துக்கிட்டு இருக்காரு. போயி ஒத்தாசை பண்ணு."

அவன் இறங்கினான். உண்மையில் அவனுக்கு உயிர் வந்தது.

குழு வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே வந்த நல்லகாமன் மைக் போட்டவனுக்குக் கண்ணைக் காட்ட, மைக் செத்தது. முத்துமீனா அதைத் தள்ளி வைத்தாள். மின்விசிறி கடகடக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கப் பேசிப் பழகிய தொண்டை அது. ஒவ்வொரு சிவப்புப் புள்ளியையும் ஊர்ப்பெயர் சொல்லி, அந்தத் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைகளைச் சொல்லி அவள் பேசினாள். கோபத்தில் குரல் உயர்ந்தது. ஆனால் ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

"அடுத்த கட்டத்துக்கு யார் பொறுப்பு?" என்று குழுத்தலைவர் கேட்டார்.

நல்லகாமன் எழுந்தார். "மேடத்துக்குக் குடும்பம் இருக்குங்க. கெணறு கெணறா அலையறதெல்லாம்..."

"இதுவரைக்கும் அலைஞ்சது யாருன்னு சொல்லிட்டு ஒக்காருங்க சார்" என்றாள் முத்துமீனா.

அவர் கையைப் பிசைந்தார். விரல் நுனியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. குழுத்தலைவர் மேடையைப் பார்த்து, "உங்க முழுப் பேரு சொல்லுங்கம்மா" என்றார்.

பேரைச் சொன்னாள். அப்போதும் சிரிக்கவில்லை. பாராட்டா கேட்டாள்? தன்னுடையதைத் தன் கையில் வாங்க இத்தனை பாடா என்று நெஞ்சு கொதித்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் பந்தி. இலை போட்டாயிற்று. நல்லகாமன் எங்கோ பார்த்தபடி, "லேடீஸ் வந்து பாயசம் ஊத்துங்கம்மா" என்றார்.

முத்துமீனா குழுவுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்தாள். அவளுக்குப் பக்கத்தில் ரோகிணி உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கிளிப்பச்சையாக ஒரு வரிசை நிறைந்தது.

பாயச வாளி தூக்க ஆளில்லாமல் நடுவில் நின்றது. நல்லகாமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.