கண்ணாடிப் பை

உத்தனப்பள்ளி சாலையில் சுவேதாவின் பை மூன்றாவது முறையாக அறுந்து விழுந்தது. டிபன் பாக்ஸ் உருண்டு போய் ஒரு தக்காளித் தோட்டத்தின் வேலியில் முட்டி நின்றது. ரசஞ்சோறு மண்ணுக்குப் போயிற்று. அவள் சைக்கிளை நிறுத்திவிட்டு, பையின் அறுந்த காதைக் கையில் வைத்துக்கொண்டு, அழலாமா வேண்டாமா என்று யோசித்தாள். எட்டு மணிக்குள் கேட்டைத் தாண்டியாக வேண்டும். அழ நேரமில்லை.

அவள் வேலை செய்த கம்பெனியில் செல்போனுக்குள் போகும் நகத்தளவுச் சாமான்கள் செய்கிறார்கள். யாராவது சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பைதான் கொண்டுவர வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, எந்தப் பெண்ணுக்கு மாதத்தில் எந்த நாள் என்பதுவரை வாட்ச்மேனுக்கு அத்துப்படி. சந்தையில் விற்கிற அந்தப் பைகளோ பஸ்ஸிலிருந்து இறங்கிப் பத்தடி நடப்பவர்களுக்காகச் செய்தவை. சுவேதாவின் ஊருக்குக் கம்பெனி பஸ் வராது. தினம் ஐந்து கிலோமீட்டர் சைக்கிள். புருஷன் பிரேம்குமார் விடியற்காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விடுவான்.

பை அறுந்தது பெரிய விஷயமே இல்லை. சுவேதாவுக்கு மூன்றாவது மாதம், பெரிய விஷயம் அதுதான். இரண்டு வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தவளை இப்போதுதான் பெர்மனன்ட் லிஸ்டுக்குப் பார்க்கிறார்கள். ஐந்து இடம், ஒன்பது பெண்கள். லிஸ்டில் பெயர் வந்துவிட்டால் சம்பளத்தோடு பிரசவ லீவு, திரும்பி வந்தால் அதே வேலை. லிஸ்ட் வருவதற்கு முன்னால் விஷயம் தெரிந்துவிட்டால், போன வருடம் ஒரு பெண்ணுக்குச் சொன்னதைத்தான் சூப்பர்வைசர் சுரேந்தர் இவளுக்கும் சொல்வார்: "உடம்பப் பாத்துக்கம்மா, அப்புறமா வா." அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. சட்டத்தில் அப்படிச் செய்யக் கூடாதுதான். ஆனால் லிஸ்டை எழுதுவது சுரேந்தர்.

சைக்கிளை விட்டுவிட்டு ஆட்டோவில் வரலாமென்றால், ஏன் சைக்கிள் இல்லை என்று பத்துப் பேர் கேட்பார்கள். துப்பட்டாவை வயிற்றின்மேல் பரப்பிக்கொள்ளலாமென்றால், உள்ளே துப்பட்டா கூடாது என்ற விதி இருக்கிறது. அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் வளாகத்துக்குள் நடக்க வேண்டும். லாக்கர் ரூமில் தொளதொள கோட்டு மாட்டிக்கொண்டால் கவலையில்லை. சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து லாக்கர்வரை இருக்கிற இருநூறு அடிதான் அவளுக்கு எமன்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பை தைத்து விற்கிற அக்பர் பாஷா கடைக்குப் போனாள்.

"பாய், சைக்கிள்ல போறதுக்குப் பை வேணும். குறுக்கால மாட்டிக்கற மாதிரி. அறுந்து போவக்கூடாது."

அவர் உற்சாகமாகக் கான்வாஸ் பை ஒன்றை இறக்கினார். "இத எடுத்துக்கினு போ. மழைல நனையாது. பத்து வருசத்துக்கு என் பக்கம் வரமாட்ட."

"உள்ள இருக்கறது வெளிய தெரியணும் பாய்."

"அடியம்மா! ஊரே மறைக்கறதுக்குப் பை கேக்குது, நீ காட்டறதுக்குக் கேக்கறியே!"

கம்பெனி விதியைச் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் தொழில்காரர். ஆட்டோவுக்கு மழைக்காலத்தில் பக்கவாட்டில் கட்டுகிற தடித்த கண்ணாடி பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து உதறிக் காட்டினார். கத்தியால் கீறினாலும் சட்டென்று கிழியாதாம். பட்டைக்குக் காரின் சீட் பெல்ட். ஏதோ ஒரு கம்பெனியில் ரிஜெக்ட் ஆனது, ஆளையே கட்டித் தூக்கலாம் என்றார். தையலை நான்கு மடிப்பாகப் போட்டு, மூலைக்கு மூலை ரிவிட் அடிக்கிறேன் என்றார். சுவேதாவுக்கு எல்லாம் பிடித்துப்போயிற்று.

"அகலம் எத்தினி?"

"இங்கருந்து இங்க வரைக்கும்" என்று இரண்டு இடுப்பெலும்பையும் தொட்டுக் காட்டினாள்.

"அம்மாம் பெருசா? சரி. இடுப்புக்கும் ஒரு பட்டை வெச்சுர்றன். சைக்கிளுக்குன்னா அது கண்டிப்பா வேணும். இல்லாட்டி பை முதுகுல நிக்காது, திரும்பறப்ப முன்னால வந்து முட்டில இடிக்கும்."

"இடுப்புப் பட்டை வேணாம்."

"அட, சொல்றதக் கேளும்மா. விழுந்து கிழுந்து வெச்சின்னா?"

"முன்னாலதான் தொங்கணும் பாய். எனக்கு முன்னாலதான் வேணும்."

குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. அளவு நாடாவை நீட்டிய அக்பர் பாஷாவின் கை பாதியில் நின்றது. அவள் தன்னை அறியாமல் வயிற்றின்மேல் கையை வைத்திருந்தாள். அவர் நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மிஷின் பக்கம் திரும்பிவிட்டார்.

"பட்டைய மேலாக்க, நெஞ்சோட வர்ற மாதிரி தெச்சுத் தர்றன். கீழ அமுக்காது" என்றார், ஊசியைப் பார்த்தபடியே. "மெதுவா ஓட்டிக்கினு போ, கண்ணு."

சுவேதாவுக்குக் கூச்சமாக இருந்தது, நன்றியாகவும் இருந்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளைப் பிடித்துக்கொண்டது பயம்தான். முன்பின் தெரியாத ஒரு மனுஷனுக்குக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டதென்றால், தினமும் பார்க்கிற கண்களிடமிருந்து எத்தனை நாள் தப்ப முடியும்?

ஆனால் பை கெட்டிக்காரப் பையாக இருந்தது. துப்பட்டாவை மடித்து ஒரு பக்கம், துண்டை மறுபக்கம், நடுவில் இரண்டு டிபன் பாக்ஸ் என்று அடுக்கினால், கண்ணாடியாவது ஒன்றாவது, அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. மிதிக்கும்போது முழங்கால் இரண்டும் மாறி மாறிப் பையில் இடித்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால் கன்றிச் சிவந்திருக்கும். பிரேம்குமார் எண்ணெய் தேய்த்துவிட்டு, "போதும், நின்னுரு" என்பான். "லிஸ்ட் வரட்டும்" என்பாள் இவள். நான்காவது மாதம் போயிற்று, ஐந்தாவதும் பிறந்தது. ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. பையை ஆணியில் மாட்டும்போதெல்லாம், நாட்டைக் காக்கிற சிப்பாயைப் போல அதைத் தட்டிக்கொடுப்பாள்.

பாவம், அவளுக்கு ஒன்று புரியவில்லை. கேட்டில் பையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் திரைக்குள் போக வேண்டும். அங்கே செக்யூரிட்டி முனிலட்சுமி உடம்பைத் தடவிப் பார்த்து அனுப்புவாள். அதற்கப்புறம் பீப் அடிக்கும் மெஷின் வளைவு, அதைத் தாண்டினால்தான் பை கைக்கு வரும். திரைக்குள் சுவேதாவை மறைக்க ஒன்றுமே இல்லை. ஆனால் முனிலட்சுமி அவள் தோளை இரண்டு தட்டு தட்டுவாள், குனிந்து நேராக முழங்காலுக்குப் போய்விடுவாள், "ம், போ" என்பாள். சோம்பேறி என்றே சுவேதா நினைத்தாள்.

"அந்தக்கா செக் பண்றது பாய்ல தூசி தட்டற மாதிரி இருக்குது" என்று ஒருநாள் அஸ்பியாவிடம் சொல்லிச் சிரித்தாள். அஸ்பியா பக்கத்து மேஜைக்காரி, சாப்பாட்டுத் தோழி, அந்த ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி.

"உன்னையா?" என்றாள் அஸ்பியா. "என்னை எலும்ப எண்ணற மாதிரி இல்ல தடவறாங்க!"

சுவேதா அதற்கும் சிரித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் லிஸ்ட் ஒட்டுவார்கள் என்று தெரிந்துபோயிற்று. அன்று காலையும் பையை அடுக்கி மாட்டிக்கொண்டு வந்தாள். மேஜையில் வைத்தாள். திரையை விலக்கினால் உள்ளே முனிலட்சுமி இல்லை. செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் அவளை வேறு கம்பெனி கேட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். நெற்றியில் பெரிய குங்குமத்தோடு, அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்கார அம்மா ஒருத்தி நின்றிருந்தாள். புது வேலை, அதனால் ஒழுங்கான வேலை. தோளைத் தொட்டாள். விலாவுக்கு வந்தாள். அங்கிருந்து கீழே இறங்கினாள். எந்தக் கை தெரிந்தே எங்கே போகாமல் இருந்ததால் இத்தனை நாள் தப்பித்தோம் என்று சுவேதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பையைத் தட்டிக்கொடுத்த கையால் ஒருநாளாவது அந்த முனிலட்சுமியின் கையைப் பிடித்திருக்கலாம்.

வயிற்றின்மேல் வந்த கை அப்படியே நின்றது. அந்த அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"எஷ்டு திங்களம்மா?"

எத்தனை மாதம் என்ற அந்தக் கேள்வி புரியாதவர்கள் அந்த வரிசையில் யாரும் கிடையாது. ஓசூர்க் காற்றில் கன்னடம் தெரியாமல் வளர முடியுமா? வாய்வு என்று சொல்லலாம், அதிகம் தின்றுவிட்டேன் என்று சொல்லலாம். சுவேதா ஒன்றைப் பொறுக்கி எடுக்கப் பார்த்தாள். அதற்குள் அந்த அம்மா திரையை ஒரே இழுப்பாக இழுத்துத் திறந்துவிட்டாள்.

"ஏ, கொஞ்சம் தாரி விடுங்க, வழி விடுங்க! பசுரி பொண்ணு! மெஷின்ல போவக்கூடாது, கொழந்தைக்கு ஆகாது!"

கர்ப்பிணிகளை மெஷின் வழியாக விடாமல் பக்கத்துச் சின்ன கேட்டைத் திறந்து விட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைத்தான் செய்தாள். சாவி தேடினாள், பூட்டைத் திறந்தாள், மேஜையிலிருந்த பையைத் தானே தூக்கி வந்து, "பாரம் தூக்கபேட, தூக்கக்கூடாது" என்று உரிமையோடு கடிந்துகொண்டாள். பெற்ற தாய்கூட அவ்வளவு பாந்தமாகக் கையைப் பிடித்திருக்க மாட்டாள். அந்தக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது சுவேதாவுக்கு. எங்கே ஓடுவது? பின்னால் நாற்பது பெண்கள். முன்னால், ஆபீஸ் படியில் டீக் கிளாஸோடு நின்ற சுரேந்தர், கிளாஸை வாயருகே வைத்தபடி குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன கேட்டுக்குள் கால் வைக்கும்போது சுவேதா ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அடுத்து வரிசையில் அஸ்பியா நின்றிருந்தாள். அவள் முகம் வாடியிருந்தது, கண்ணில் நீர்கூட வந்துவிட்டது, ஆனால் அந்த நீருக்குக் கீழே சின்னதாக ஒரு வெளிச்சம். ஒன்பது இப்போது எட்டு. அந்த வெளிச்சத்தை மறைக்கத்தான் அஸ்பியா அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். சுவேதாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தானே அந்த இடத்தில் நின்றிருந்தால் தன் முகமும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று தெரிந்தது. அதுதான் அவளை அழவைத்தது.